வாளிக் கணக்கில ரைஃபிள் கோது, பிரைமர் கழட்ட எந்தச் சாமான் வாங்கிற? நான் பாவிச்சுப் பாத்தத எழுதுறன்

மட்டக்களப்புக் கல்லடியில அம்மாட வீட்டு விறாந்தையில இருந்துதான் இத எழுதுறன். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எண்டு லீவு போட்டுட்டு வந்தன், என்ட பிரஸ்ஸும் (கைப்பிடிய இழுத்துக் கோத அமத்திற மிஷின்) சாமானும் எல்லாம் கனடாவில கராஜுக்குள்ள கிடக்கு, ஆனா வந்த நாள்ல இருந்து வொயிஸ் மெசேஜ் நிக்குதில்ல. ஒஸ்லோவில இரிக்கிற களுவாஞ்சிக்குடி மச்சான் ஒரு பக்கம், மெல்பேர்ன்ல இரிக்கிற சித்திட மகன் மற்றப் பக்கம். ரெண்டு பேரும் ரைஃபிள் கிளப்பில சேந்து கொஞ்ச வருசம், ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. சுட்ட கோதெல்லாம் (ரவை சுட்ட பிறகு மிஞ்சிற பித்தளைக் கூடு) வாளி வாளியாச் சேந்து போச்சு, திரும்பப் பாவிக்க அதிட அடியில இரிக்கிற பழைய பிரைமர் எல்லாத்தையும் கெதியாக் கழட்ட எத வாங்கிற எண்டு. தனித்தனியா ஆளுக்கு இருவது நிமிசம் கதைக்கிறத விட ஒருக்கா எழுதிப் போட்டா மற்றாக்களுக்கும் உதவும்தானே, அதுதான்.

தொடங்க முதல் ஒரு விசயம். இது வெளிநாட்டில லைசென்ஸ் எடுத்து, கிளப்பில சேந்து, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குள்ள சுடுற ஆக்களுக்கு மட்டும்தான். இலங்கையில 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் இரிக்கு, இங்க இந்த வேலையில கை வைக்கிற கதையே வேணாம். லீவில ஊருக்கு வாற ஆக்களும் ரேஞ்சுக்கு (சுடுற மைதானத்துக்கு) கொண்டு போற பேக்க எடுத்துக்கொண்டு பிளேன் ஏறாதீங்க, ஜக்கெட் பொக்கெட்டுக்குள்ள ஒரு வெறுங்கோது தப்பித்தவறிக் கிடந்தாலும் எயார்போட்ல மறிச்சுக் கேள்வி கேப்பாங்க. நான் வெளிக்கிட முதல் எல்லா உடுப்பையும் உதறிப் பாத்துட்டுத்தான் சூட்கேஸ் அடுக்கினனான்.

கோது எண்டு போன்ல நான் கதைக்கிறது கேட்டு அம்மாட முகம் மாறிப் போச்சு. எங்கட ஊரில அந்தச் சொல்லுக்கு வேற ஞாபகம். நான் சின்னப் பொடியனா இரிக்கக்குள்ள சண்ட நடந்த இடத்தில பொடியனுகள் போய்க் கோது பொறுக்கிப் பித்தளைக்கு விப்பாங்க, அதுக்குள்ள வெடிக்காத ரவையும் கலந்து கிடக்கும், தாய்மார் வாசல்ல நிண்டு கத்துறது இன்னும் காதுக்குள்ள நிக்குது. 2017ல மட்டக்களப்பக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாங்க, எண்டாலும் வளவு கொத்தக்குள்ளயோ வேலி போடக்குள்ளயோ அப்படி ஏதும் வெளியால வந்தா தொடாம பொலிசுக்குச் சொல்லுங்க. அம்மாவ இருத்தி வெச்சு ஆறுதலாச் சொன்னன், அங்க நான் சுடுறது 300 மீட்டர்ல நிக்கிற கடதாசிக்கு, ஒரு பின்னேரம் முழுக்க மூச்சப் பிடிச்சு விட்டு ஒரு சின்ன வட்டத்துக்குள்ள அஞ்சு ஓட்ட விழுறதுதான் அந்த விளையாட்டு எண்டு. கேட்டுட்டு, சாப்பிட வா எண்டு மட்டும் சொன்னா. அதுக்குப் பிறகு அவக்கு முன்னால அந்தக் கதைய எடுக்கல்ல.

சரி, வேலைக்கு வருவம். பித்தளைக் கோதிட அடியில நடுவில ஒரு சின்னத் தொப்பி மாதிரி இரிக்கிறதுதான் பிரைமர், ஊசி வந்து அடிச்ச உடன நெருப்புக் குடுக்கிறது அது. ரைஃபிள்ல ரெண்டு சைஸ், சின்னது கிட்டத்தட்ட 4.45 மில்லிமீட்டர், பெரிசு 5.33. சுட்ட பிறகு கோதத் திரும்பப் பாவிக்கலாம், பிரைமரக் கழட்டி எறியோணும். கோதிட உள்ளுக்கால ஒரு ஊசிய விட்டு, அடியில இரிக்கிற சின்ன ஓட்டையால தள்ளினா பிரைமர் கீழ விழும். ஒரு கோதுக்கு ரெண்டு செக்கன் வேல. அத ஆயிரம் தரம் செய்யக்குள்ளதான் எந்தச் சாமான் நல்லம், எது கூடாது எண்டு வெளிக்கும். 223 எண்ட சின்ன ரைஃபிள் ரவையிட கோது ஆயிரம் கிட்டத்தட்ட 6 கிலோ பாரம், 308 எண்ட பெரிய சைஸ் எண்டா அதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி, அவ்வளவும் ஒவ்வொண்டா உங்கட விரலுக்குள்ளால போகோணும்.

ஏன் இத மட்டும் தனியாச் செய்யிற, சைஸ் பண்ணுற டையிலயே (சுட்டு விரிஞ்ச கோதப் பழைய அளவுக்குக் கொண்டு வாற, பிரஸ்ஸில பூட்டுற அச்சு) ஊசி இரிக்குத்தானே எண்டு மச்சான் கேட்டான். இரிக்கு. ஆனா அந்த டை கோதிட சுவர இறுக்கிப் பிடிக்கிற டை, அதுக்குள்ள ஊத்தக் கோதப் போட்டா மண்ணும் கரியும் போய் டையையும் கீறி கோதையும் கீறும், அதால முதல் கழுவி, காய வெச்சு, எண்ணெய் பூசித்தான் போடோணும். பிரைமர் உள்ளுக்கு இரிக்கத்தக்கதாக் கழுவினா பிரைமர் இருந்த குழிக்குள்ள கரி அப்படியே நிக்கும், தண்ணியும் அதுக்குள்ள தங்கிக் கெதியாக் காயாது. யூனிவேர்சல் டிகேப்பிங் டை எண்டு ஒண்டு இரிக்கு, அது கோதிட சுவர்ல முட்டவே முட்டாது, ஊசி மட்டும்தான் உள்ள போகும், ஊத்தையோட போடலாம், எண்ணெய் தேவையில்ல. அதால ஊத்தையோட கழட்டிப் போட்டு, மறுகா சின்னச் சின்ன ஸ்டெயின்லெஸ் கம்பித் துண்டுகளோட தண்ணியில உருட்டிக் கழுவினா குழியெல்லாம் புதுசு மாதிரி வரும். நிறையக் கோது வெச்சிரிக்கிற ஆளுக்கு இந்த வழிதான் சரி.

இனி சாமான். முதல் முதல் நான் பாவிச்சது குத்தியும் சுத்தியலும். ஒரு இரும்புக் குத்தி, அடியில ஓட்ட போட்ட ஒரு கட்ட, கோதக் கட்டையில நிறுத்திப் போட்டு மேலால ஒரு தட்டு. அம்பது கோதுக்கு ஓம், ரேஞ்சிலயே இருந்து செய்யவும் ஓம். இருநூறு தாண்டினா அயல் வீட்டாக்கள் கதவத் தட்டுவாங்க, குத்தி கொஞ்சம் சரிஞ்சாலும் ஓட்டையிட விளிம்பு நெளியும். அத விட்டுட்டன்.

அடுத்தது கையில பிடிச்சு அமத்திற சாமான், பெரிய குறடு மாதிரி. ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்செனல் காரர் விக்கிறதுதான் கூடப் பேர்ட கையில இரிக்கு, மூண்டு சைஸ் கொலெட் (சுத்தி வளைச்சுப் பிடிக்கிற வளையம்) அதோட வரும், ஷெல் ஹோல்டர் (கோதிட அடியப் பிடிச்சு வைக்கிற துண்டு) தனியா வாங்கத் தேவையில்ல, கழண்ட பிரைமர் ஒரு டியூபுக்குள்ள போய் நிறையும், ஒண்டும் நிலத்தில சிந்தாது. எனக்கு இது சரியான விருப்பம். சோபாவில இருந்து கிரிக்கெட் பாத்துக்கொண்டு செய்யலாம், மேச வேணாம், போல்ட் அடிக்கத் தேவையில்ல, ஃபிளாட்ல இரிக்கிற ஆளுக்கு இத விட நல்ல சாமான் இல்ல. நான் மணிக்கூடு வெச்சுப் பாத்தனான், முதல் ஒரு மணித்தியாலத்தில 450 மாதிரி போகும், அடுத்த மணித்தியாலம் 300க்கு இறங்கிடும், ஏனெண்டா உள்ளங்கையும் பெருவிரல் அடியும் நோகத் தொடங்கிடும். அது எந்தக் கம்பனிட கைச்சாமானுக்கும் பொது, மனுசக் கைதானே எஞ்சின். வருசத்துக்கு ஆயிரத்துக்குள்ள எண்டா இதோட நிப்பாட்டிக் கொள்ளுங்க, மற்றதெல்லாம் வாசிக்கவும் தேவையில்ல. ஆனா ஆமி கோது, பிரைமரச் சுத்தி இறுக்கி அமத்தி வெச்சிரிக்கிறது, அது நிறைய இரிக்குமெண்டா கைச்சாமான் வேணாம், மணிக்கட்டு போயிடும்.

மேசையில போல்ட் அடிக்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு நேரம் ஒரு டை மட்டும் பூட்டுறது) எல்லார்ட்டயும் ஒண்டு இரிக்கும், ராக் சக்கர் மாதிரி. அதில யூனிவேர்சல் டையப் போட்டு இழுத்தா பெலன் ஒரு பிரச்சினையே இல்ல, சின்னப் புள்ளையும் இழுக்கும். (சின்னப் புள்ளைக்கு ஏன் குடுக்கக் கூடாது எண்டு கீழ சொல்றன்.) பிரச்சினை என்னெண்டா ஒவ்வொரு கோதையும் இடக்கையால வெச்சு, வலக்கையால இழுத்து, மேல கொண்டு போய், திரும்ப இடக்கையால எடுத்து வாளியில போட்டு, அடுத்ததத் தேடி எடுத்து, தலை எது அடி எது எண்டு திருப்பிப் பாத்து வெச்சு. இழுக்கிற நேரம் ஒரு செக்கன், மற்ற நாலு செக்கனும் கையிட அலைச்சல். அதோட பிரைமருக்குள்ள இருந்து வாற கரித்தூள் பிரஸ்ஸிட ராம் (மேல கீழ போற தண்டு) மேல விழும், அது அரத்தூள் மாதிரி, நல்ல பிரஸ்ஸ நாளாவட்டத்தில தேச்சுப் போடும். நல்ல ரவை செய்யிறதுக்கு எண்டு காசு குடுத்து வாங்கின பிரஸ்ஸில இந்த ஊத்த வேலையச் செய்யாதீங்க. இதில ஃபோர்ஸ்டர் கோ-ஆக்ஸ் மட்டும் வேற மாதிரி, அதில கழண்ட பிரைமரும் தூளும் நேர கீழ ஒரு போத்தலுக்குள்ள போகும், ஆனா அந்தப் பிரஸ் விலை கூடின சாமான், இந்த வேலைக்கு மட்டும் எண்டு அத வாங்கிறது வீண்.

இந்த இடத்தில மாமாவக் கொண்டு வரோணும். அம்மாட அண்ணன், டவுனில முப்பது வருசத்துக்கு மேல லேத் வெச்சிருந்தவர், இப்ப மகன்ட கையில குடுத்துட்டார். மில்லுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு, லேண்ட்மாஸ்டருக்குப் புஷ் அடிச்சு, போட் எஞ்சினுக்கு ஆக்சில் செஞ்ச கை. போன கிழம பின்னேரம் பிளேன்டி குடிக்க வந்தவர், நான் போன்ல என்ட கராஜ் வீடியோ பாத்துக்கொண்டிரிக்கிறதக் கண்டுட்டு, "என்ன மருமகன் இது, பிளை பிரஸ்ஸா?" எண்டார். விளங்கப்படுத்தினன். கதிரையக் கிட்ட இழுத்துப் போட்டு முழு வீடியோவையும் ரெண்டு தரம் பாத்தார். மூண்டு வருசமா எனக்கு ஊசி உடைஞ்சு கொண்டே இருந்த கதையச் சொன்னன், ஒரு கம்பனிட டை வாங்கி மூண்டு மாசத்தில ஏழு ஊசி போச்சு, கடைக்கு எழுதினா நீ பிழையாப் பாவிக்கிற எண்டு மறுமொழி வந்திச்சு.

"ஊசி ஏன் உடையுது எண்டு பாத்தீங்களா, இல்ல புதுசு மட்டும் வாங்கினீங்களா?" எண்டு கேட்டார்.

புதுசு மட்டும் வாங்கினன் எண்டன்.

அவர் விறாந்தை நிலத்தில சோக்கால கீறிக் காட்டினார். ஊசிய மேல ஒரு நட்டால அசையாம இறுக்கி வெச்சா, கீழ ஓட்டைக்கு நேர வராத நேரம் போறதுக்கு வழியில்ல, அப்ப வளையோணும் இல்லாட்டி உடையோணும். புஷ் அடிக்கக்குள்ளயும் இப்படித்தானாம், முதல் கொஞ்சத் தூரம் சாமான் தானாத் தன்ட வழியத் தேட விடோணும், பிடிய லேசா வெச்சுத் தொட்டுப் பாத்து மறுகாதான் பெலன் குடுக்கோணும். "இரும்புக்குப் பெலன் காணாம உடையிறது நூறில பத்துத்தான் மருமகன், மற்றது நேர் இல்லாம உடையுது." நான் உடைச்ச ஊசிட படம் போன்ல இருந்திச்சு, எல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சுதான் உடைஞ்சிரிக்கு, அவர் சொன்ன பிறகுதான் எனக்கே கண்ணில பட்டிச்சு. என்ட ஷெல் ஹோல்டர் கொஞ்சம் சரிஞ்சு நிண்டிரிக்கு, அத மூண்டு வருசமாப் பாக்காம இருந்திரிக்கன்.

இதாலதான் நான் சொல்றன், பிரஸ்ஸ விட டைக்குக் கூட யோசியுங்க. லீ கம்பனிட யூனிவேர்சல் டிகேப்பிங் டை விலை குறைஞ்சது, ஆனா அதிட யோசனை நல்லம். ஊசிய ஒரு கொலெட் இறுக்கிப் பிடிச்சிரிக்கும், கீழ ஏதும் கடினமா முட்டினா ஊசி உடையாம மேல வழுக்கிப் போயிடும், ரெண்டு ஸ்பானரால திரும்ப இறுக்கிப் போட்டு வேலையத் தொடரலாம். மாமாவுக்குப் படத்தக் காட்டினதும் "இவன் லேத் தெரிஞ்சவன்" எண்டார். இறுக்கம் சரியா இரிக்கோணும், லேசா இறுக்கினா ஒவ்வொரு ஆமி கோதுக்கும் வழுக்கும். மைட்டி ஆர்மரி, எஃப் டபிள்யூ ஆர்ம்ஸ் ரெண்டும் விலை கூட, ஆயிரக் கணக்கில செய்யிற ஆக்களுக்காகச் செஞ்சது. எஃப் டபிள்யூ ஆர்ம்ஸ் டையில ஊசி ஸ்பிரிங்கில நிக்கும், கடைசியில பிரைமரத் தட்டி விடும். இது ஏன் முக்கியம் எண்டா, சில நேரம் கழண்ட பிரைமர் ஊசி நுனியில ஒட்டிக் கொண்டு திரும்ப மேல குழிக்குள்ள வந்துடும். ஒரு கோதக் கையில வெச்சுச் செய்யக்குள்ள அது கண்ணுக்குத் தெரியும், மிஷின் தன்ட பாட்டில ஊட்டக்குள்ள தெரியாது, அந்த ஒண்டு அடுத்த வேலையில போய் எல்லாத்தையும் மறிக்கும். எனக்கு நூறுக்கு ஒண்டு ரெண்டு அப்படி வந்து கொண்டிருந்திச்சு, ஸ்பிரிங் டை மாத்தின பிறகு அது நிண்டிச்சு.

இப்ப நான் நெடுகப் பாவிக்கிற சாமான். லீ ஏபிபி எண்டு ஒரு சின்னப் பிரஸ், கோதுக்கு இந்த மாதிரி வேல மட்டும் செய்யத்தான் அது, ரவை செய்யிற பிரஸ் இல்ல. மேல டியூபுக்குள்ள கோத நிறைச்சு வெச்சா ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோது தானா வழுக்கி உள்ள வரும், ஷெல் ஹோல்டர் ரெண்டு பக்கமும் திறந்தது, புதுக்கோது பழசத் தள்ளி வெளியால விட்டுடும். இடக்கைக்கு வேலையே இல்ல. நான் முன்னம் சொன்ன அந்த நாலு செக்கன் அலைச்சல் அப்படியே போயிடும், இதில எனக்கு மணித்தியாலத்துக்கு 1100, 1200 போகும், தோள் நோவு இல்ல. குறை எண்டா, செட் பண்ண ஆறுதல் வேணும். கோது உள்ள வழுக்கி வாற தூரம், டையிட ஆழம், ரெண்டும் சரியா வாற வரைக்கும் முதல் அம்பது கோதுக்கு மெல்லமா இழுத்துப் பாருங்க, அவசரப்பட்டா கோது சரிஞ்சு நெளியும். மேசைய இறுக்கிப் போல்ட் அடிக்கோணும், ஆடுற மேசையில ஒண்டும் சரி வராது. டியூப் நிறைக்கிறது ஒரு வேல, அதுக்கு வீட்டில ஆராவது பக்கத்தில இருந்தா நல்லம், என்ட மனுசி சனிக்கிழமையில கிளவ்ஸ் போட்டுக்கொண்டு நிறைச்சுத் தருவா, ரெண்டு பேரும் ஊர்க்கதை கதைச்சுக் கொண்டே ரெண்டு வாளி முடிச்சிரிக்கிறம்.

இதுக்கு மேல டில்லன் 750 மாதிரிப் பிரஸ்ஸில கேஸ் ஃபீடரப் (கோதத் தானா ஊட்டுற சாமான்) போட்டு, ஒரு டூல்ஹெட்டில (டை பூட்டுற, கழட்டி மாத்தக் கூடிய தட்டு) டிகேப்பிங் டை மட்டும் வெச்சு ஓட்டலாம். ஏற்கெனவே அது வெச்சிரிக்கிற ஆளுக்கு ஒரு டூல்ஹெட்தான் மேலதிகச் செலவு, கெதியும் கூட. இல்லாத ஆள் பிரைமர் கழட்ட எண்டு அத வாங்கத் தேவையில்ல. மோட்டர் பூட்டின மிஷினும் இரிக்கு, அது யாவாரத்துக்குச் செய்யிறாக்கள்ட சாமான். கையால இழுக்கக்குள்ள பிழையான கோது வந்தா கைக்கு உடன தெரியும், நிப்பாட்டுவம். மோட்டருக்கு அது தெரியாது. மாமாவும் அதத்தான் சொன்னார், கையில உணராத பிரஸ்ஸில பழகாத ஆள் வேல செய்யக் கூடாது எண்டு.

எந்தச் சாமான் வாங்கினாலும், கோதத் தரம் பிரிக்காம போட்டா எல்லாம் உடையும், இத எத்தின தரம் சொன்னாலும் காணாது. ரேஞ்சில பொறுக்கிற வாளிக்குள்ள என்னவெல்லாம் வரும் தெரியுமா? 308 கோதிட கழுத்துக்குள்ள சின்ன 22 கோது போய்க் குந்தியிரிக்கும், வெளியால தெரியாது, ஊசி அதில போய் இடிக்கும். கல்லு இரிக்கும். இரும்புக் கோது இரிக்கும். ஒவ்வொண்டையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சு உள்ளுக்குப் பாருங்க, ஒரு வாளிக்கு அர மணித்தியாலம், அதோட எல்லாம் சரி.

பாக்கக்குள்ள முக்கியமாப் பாக்க வேண்டியது அடி ஓட்டை. நடுவில ஒரு ஓட்டை எண்டா பொக்சர், அததான் ஊசியால கழட்டலாம். நடுவில ஒண்டும் இல்லாம ரெண்டு சின்ன ஓட்டை பக்கத்தில இரிக்கிறது பெர்டான், அதில ஊசிய இறக்கினா ஒண்டு ஊசி போகும், இல்லாட்டிக் கோது. ரெண்டும் 1860களில வந்த முறை. பொக்சர் எண்டவர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கன், ஆனா அமெரிக்காவில பிடிச்சது பொக்சர், ஐரோப்பாவில பரவினது பெர்டான், அப்படி மாறிப் போச்சு. பழைய ஆமி சாமான் வாங்கிற ஆக்கள் கவனமா இருங்க. எங்கட ஊரில வயசானாக்களுக்குத் தெரிஞ்ச திரீ நாட் திரீ, அதிட பிரிட்டிஷ் ஆமிக் கோதும் கூடுதலாப் பெர்டான்தான். கடையில வாற புதுக்கோது கூடுதலாப் பொக்சர்.

ஓட்டையிட அகலமும் ஒண்டில்ல. வழமையா 2 மில்லிமீட்டர், ஆனா லபுவா கம்பனிட 308 பால்மா கோதில சின்னப் பிரைமர், ஓட்டையும் 1.5தான். அதில வழமையான ஊசி போனா இறுகி நிண்டுடும், ஊசிய வெளியால எடுக்கக்குள்ள அது வளையும், இல்லாட்டி உடையும். அந்தக் கோது வெச்சிரிக்கிற ஆள் மெல்லிய ஊசி தனியா வாங்கோணும். அது விலை கூடின கோது, ஒரு கோது பழுதானாலும் மனம் நோகும்.

ஆமி கோதக் கண்டு பிடிக்கிறது லேசு. அடியில அமெரிக்கன் எண்டா எல்சி எண்டிரிக்கும், கனடாவில எண்டா ஐவிஐ. பிரைமரச் சுத்தி ஒரு வளையம் அமத்தின அடையாளம் நிக்கும். கழட்டப் பெலன் கூடத் தேவை. கழட்டின பிறகும் அந்த அமத்தின விளிம்ப எடுக்காம புதுப் பிரைமர் வைக்க ஏலாது, அதுக்கு டில்லன் சூப்பர் ஸ்வேஜ் மாதிரி வேற சாமான் இரிக்கு, இல்லாட்டி விளிம்ப வெட்டுற ரீமர். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுறன்.

இப்ப புள்ளைகள்ட கதை. பிரைமருக்குள்ள ஈயம் கலந்த மருந்து இரிக்கும், சுட்ட பிறகும் அந்தக் கரித்தூள்ல ஈயம் இரிக்கு. பிரைமர் கழட்டக்குள்ளதான் அது கூடுதலா வெளியால வரும். ஈயம் புள்ளைகள்ட மூளைக்குக் கூடாது, வயித்தில புள்ள இரிக்கிற ஆளுக்கும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா உடம்பில சேரும், ஒரு நாளில ஒண்டும் தெரியாது. அதால கிளவ்ஸ் போடுங்க, காத்து வாற இடத்தில இருங்க, தேத்தண்ணிக் கோப்பைய அந்த மேசையில வைக்காதீங்க, முடிச்ச பிறகு பச்சத் தண்ணியும் சவுக்காரமும் போட்டுக் கை முகம் ரெண்டும் கழுவுங்க, அந்த உடுப்போட புள்ளையத் தூக்காதீங்க. தும்புத்தடியால கூட்டாதீங்க, தூள் கிளம்பும், ஈரத்துணியால துடையுங்க. சோபாவில இருந்து கைச்சாமானால செய்யலாம் எண்டு மேல சொன்னன், அது புள்ள இல்லாத வீட்டுக்கு. எனக்கு மகள் பிறந்த பிறகு வீட்டுக்குள்ள ஒரு நாளும் செய்யல்ல, கராஜுக்குப் போயிட்டன். கழுவின தண்ணியையும் மரக்கறிப் பாத்தியில ஊத்தாதீங்க.

வெடிக்காத பிரைமர் இரிக்கிற கோது, ஊசி அடிச்ச அடையாளம் இல்லாம மினுமினுக்கிறது, அத இந்தக் கும்பலோட போடவே வேணாம். தனியா எடுத்து வெச்சு கிளப்பில அனுபவசாலியிட்டக் குடுங்க. சுத்தியல் குத்தியால அதத் தட்டுறது கண்ணப் போக்கிற வேல.

வாங்கிற இடம் பற்றி ஒரு சொல். நான் முதல் ஓடர் பண்ணின கடை ஷெல் ஹோல்டரப் பிழையா அனுப்பி, மாத்தித் தர ஆறு கிழமை எடுத்திச்சு. பிழை பாதி என்னில, நம்பரப் பாக்காம ஓடர் பண்ணிட்டன். ஒவ்வொரு கம்பனியும் தன்ட நம்பர் வெச்சிரிக்கும், 308க்கு லீயில 2, ஆர்சிபிஎஸ்ல 3, 223க்கு லீயில 4, ஆர்சிபிஎஸ்ல 10. ஒண்டுக்கொண்டு மாறினா கோது ஆடும், ஆடினா ஊசி நேர போகாது, திரும்ப மாமா கீறின சோக் படத்திலதான் வந்து நிப்பம். பிறகு ரேஞ்சுக்குப் பக்கத்தில இரிக்கிற ஒரு சின்னக் கடையில வாங்கத் தொடங்கினன், ஒண்டு ரெண்டு டொலர் கூடத்தான், ஆனா அந்த மனுசன் கோதக் கையில வாங்கிப் பாத்து, போட்டுக் காட்டித்தான் தருவார்.

மச்சான், உனக்கு வருசத்துக்கு 500 கோது, நல்ல பிரஸ் ஒண்டும் இரிக்கு, நீ லீ டைய மட்டும் வாங்கி, ஒரு பழைய சின்னப் பிரஸ் செக்கன்ட் ஹேண்ட்ல எடுத்து அதில பூட்டு, நல்ல பிரஸ்ஸில தூள விழுத்தாத. தம்பி, நீ 223 ஆயிரக் கணக்கில சுடுற ஆள், உனக்கு ஏபிபியும் ஸ்பிரிங் ஊசி டையும், அதோட மெல்லிசா ரெண்டு ஊசி மேலதிகமா ஓடர் பண்ணு, உன்ட கிளப் ஆக்கள் பால்மா கோது தருவாங்க எண்டு சொன்னாய்தானே. நான் வாற மாசம் போய் முதல் வேலையா என்ட ஷெல் ஹோல்டர நேராக்கி, 308 வாளி ஒண்டு ஓட்டிப் பாத்துட்டு எத்தின ஊசி உடைஞ்சிச்சு எண்டு இதுக்குக் கீழயே எழுதுறன், மாமாவும் கேட்டிரிக்கார்.